ஷிஜா தொட்டால் சிவப்பு

அத்தியாயம் 4

இதற்கு முந்தைய மூன்று அத்தியாயங்களில் தளவாய் அண்ணாச்சி மூன்று தப்பான ஆட்களைப் பிடித்திருக்கிறார். அவற்றைப் படிக்காமல் நேராக இங்கே வந்தவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டமெல்லாம் அந்த மூன்று பேருக்குத்தான்.

நான் பேச்சி, அண்ணாச்சியின் உதவியாளர். திருவனந்தபுரம் தம்பானூரில் லாட்ஜ் ஒன்றில் பல வருஷம் மேனேஜராக இருந்து, பொய்ப் பெயரில் அறை எடுக்கிற ஜோடிகளை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்த பெருமையில் அவர் இந்தத் துப்பறியும் தொழிலுக்கு வந்தார். நான் வேலை பார்த்த எஸ்.டி.டி. பூத்தை செல்போன் தின்றுவிட்டதால் நானும் வந்தேன். யாருக்கு அதிக விருப்பம் என்று கேட்காதீர்கள்.

2009-ம் வருஷம், ஒரு சனிக்கிழமை காலை. ஆரியசாலை லிங்கம் முதலாளி கூப்பிட்டார் என்று போனோம். கீழே வற்றல் மிளகாய், புளி மொத்த வியாபாரம். மேலே அவருடைய கம்ப்யூட்டர் கம்பெனி. மிளகாய்க் காரம் மாடிப்படி வழியாக மேலே ஏறுவதால் அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் தும்மிக்கொண்டே டைப் அடித்தார்கள். வாசலில் எலுமிச்சம்பழத்தோடு மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தது. அந்தக் கட்டடத்துக்கு இன்னும் மிளகாய் தேவை என்று நினைத்த ஆளைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

அந்த ஆள் லிங்கம் முதலாளியேதான். கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார். கம்பெனி செய்திருப்பது கல்யாண விருந்துக்கு ஆர்டர் கொடுக்கிற வெப்சைட். மஸ்கட்டில் இருக்கிற அண்ணன் ஊரில் நடக்கிற தங்கை கல்யாணத்துக்கு அங்கிருந்தபடியே தலைக்கணக்கைச் சொன்னால் போதும். எத்தனை இலை, எவ்வளவு சாம்பார் என்று அதுவே கணக்குப் போட்டு சமையல்காரருக்கு அனுப்பிவிடும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் மகள் கல்யாணம். கம்பெனியில் பணம் போட்டிருக்கும் பார்ட்னர், மஸ்கட் பங்காளி, அதற்கு வருகிறார். வந்த கையோடு வெப்சைட்டைப் பார்த்து ஒப்புக்கொள்ளப் போகிறார்.

"முதல் ஆர்டர் நான்தான் போட்டேன் சாரே. எம் மகள் கல்யாணத்துக்கு, என் கையாலே. நல்ல போணியா இருக்கட்டும்னு" என்றார் முதலாளி. முகம் பெருமையில் பளபளத்தது. அண்ணாச்சி அதைக் கேட்டுத் தலையாட்டியதோடு சரி. நானும் அதைக் காற்றில் விட்டேன். பின்னால் நினைத்துப் பார்த்தபோது எங்கள் இருவருக்கும் வெட்கமாக இருந்தது.

பிரச்சனை டெஸ்டுகளில். ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய அந்த வெப்சைட்டின் மூளை சரியாக வேலை செய்கிறதா என்று கேள்வி கேட்கிற குட்டி நிரல்களுக்கு டெஸ்ட் என்று பெயராம். ஐந்நூறு பேர் வந்தால் எத்தனை இலை என்று ஒரு டெஸ்ட் கேட்கும். பதில் சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. கடையில் வேலைக்கு வருகிறவனிடம் முதலாளி மனக்கணக்குக் கேட்பார் இல்லையா, அதேதான்.

அங்கே பழைய ஆளான ஹரிஹரன் என்கிற ஸ்ரீவராகம் அக்ரகாரத்துக்காரர் ஓட்டினால் எல்லாம் பச்சை. புதிதாகச் சேர்ந்த ஷிஜா ஓட்டினால் சிவப்பு. அதுவும் பாயசமும் போளியும் வருகிற டெஸ்டுகளில் மட்டும் சிவப்பு. போட்டிக் கம்பெனிக்காரன் அவளைக் கையில் போட்டுக்கொண்டு உள்ளே அனுப்பியிருக்கிறான் என்பது முதலாளியின் முடிவு. சாயங்காலம் அவளை எல்லோர் முன்னாலும் விசாரித்து வெளியே அனுப்பப் போகிறார்.

"வேறொண்ணும் வேண்டாம். அந்தப் பிள்ளை அதை எப்படிச் செய்யுதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுத் தந்தா மதி, அது போதும்" என்றார்.

ஷிஜா பாறசாலைக்காரி. கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள். கம்பெனியைக் கவிழ்த்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு அந்தப் படியிறங்கினால், இந்த ஊரில் வேறெந்தக் கம்பெனியும் தன்னைப் படியேற்றாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அழவில்லை.

"சாரே, நான் ஒண்ணையும் கெடுக்கல்ல. அது சொல்லுதத நான் காட்டுதேன். அத்தறே உள்ளூ, அவ்வளவுதான்" என்றாள்.

எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. அண்ணாச்சிக்கோ சந்தேகம் பிறந்துவிட்டது. அழாத ஆட்களை அவர் நம்பமாட்டார். அது லாட்ஜ் பழக்கம்.

ஹரிஹரன் நெற்றியில் சந்தனக் கீற்றோடு, சர்க்கரை போடாத டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். இனிப்பு அவருக்கு ஆகாது, டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார் என்று கேட்காமலே தெரிவித்தார். மரியாதையான மனிதர். அண்ணாச்சி அவரிடம், இந்த டெஸ்டுகளுக்கு விரோதிகள் யாராவது உண்டா என்று கேட்டார். அதற்கும் அவர் பொறுமையாக யோசித்து, தெரிந்தவரை இல்லை என்றார்.

அவரிடமிருந்து வாங்கிய தகவல் இது. டெஸ்டுகள் எல்லாம் வருஷக்கணக்காக ஜேஎஸ்யூனிட் என்கிற பழைய முறையில் எழுதியவை. மஸ்கட் பங்காளி க்யூயூனிட் என்கிற புதுச் சட்டகத்தில்தான் ஓட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எல்லாவற்றையும் திருப்பி எழுத உட்கார்ந்தால் முதலாளியின் பேத்திக்கே கல்யாணம் வந்துவிடும். அதனால் ஹரிஹரன் நடுவில் ஒரு அடாப்டர் எழுதினார். மூன்று முள் பிளக்கை இரண்டு ஓட்டையில் மாட்டுவதற்கு நாம் வாங்குவோமே, அந்த மாதிரி. பழைய டெஸ்ட் தான் இன்னும் பழைய வீட்டிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு புது வீட்டில் ஓடும்.

"ஏமாத்து வேலைன்னு சொல்லுங்க" என்றேன்.

"ஒத்தாசைன்னு சொல்லலாமே" என்றார் ஹரிஹரன், துளியும் கோபப்படாமல்.

அண்ணாச்சி சோதனையை ஆரம்பித்தார். முதலில் இருவரையும் நாற்காலி மாறி உட்காரச் சொன்னார். ஷிஜாவின் கம்ப்யூட்டரில் ஹரிஹரன் ஓட்டினார், அது நெடுநேரம் முக்கிவிட்டுப் பச்சை காட்டியது. ஹரிஹரனுடையதில் ஷிஜா ஓட்டினாள், பாயசம் சிவப்பு. அப்படியானால் கம்ப்யூட்டரில் குற்றமில்லை, கையில்தான் ஏதோ இருக்கிறது என்று சொல்லி, கீழே மிளகாய் அள்ளுகிறவர்களிடமிருந்து ரப்பர் கையுறை வரவழைத்து ஷிஜாவுக்கு மாட்டினார். மறுபடி சிவப்பு. கையுறையில் இருந்த காரம் ஷிஜாவின் மூக்குக்கு ஏறி அவள் தொடர்ந்து தும்மியதுதான் மிச்சம். முதலாளி அந்தத் தும்மலையும் சந்தேகத்தோடு பார்த்தார்.

கடைசியில் நடுநிலையான ஒரு விரல் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார் அண்ணாச்சி. ஹரிஹரன் சொன்ன இடத்தில் அழுத்தினேன், திரை முழுக்கப் பச்சை. ஷிஜா சொன்ன இடத்தில் அழுத்தினேன், சிவப்பு.

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏட்டி பேச்சி, நீயும் கூட்டா?"

"ஆமா அண்ணாச்சி. உங்ககிட்ட வாங்குற சம்பளம் போதாம பாயசத்துக்கு விலை போயிட்டேன்" என்றேன். அவர் அதை ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தார். நான்காவது தப்பான ஆளாக நானே ஆகிவிடுவேனோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

பசி காப்பாற்றியது. ஆபீசுக்குப் பின்னால் சந்தில் கோமதியம்மாள் மெஸ். எல்லோரும் அங்கேதான் சாப்பாடு. நீளமான ஒரு பெஞ்ச், எதிரே நீளமான ஒரு மேஜை. சாப்பிட்டவர் தன் இலையைத் தானே மடித்து எடுத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும். கோமதியம்மாள் ஈரத்துணியால் துடைத்து அடுத்தவருக்குப் புது இலை போடுவார். வாசலில் நிற்கிற கூட்டத்துக்கு அது ஒன்றுதான் வழி.

ஷிஜா சட்டென்று சாப்பிட்டு, இலையை எடுத்து, சிந்திய ஒன்றிரண்டு பருக்கையையும் வழித்துக்கொண்டு போனாள். ஹரிஹரன் அவளுக்கு முன்பே முடித்துவிட்டார். ஆனால் எழவில்லை. காய்ந்துபோன கையோடு, காலி இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்றவர்கள் தொண்டையைக் கனைத்தார்கள். பெஞ்சின் கடைசியில் யாரோ ஒரு லாரி டிரைவர் இரண்டாவது தடவை சோறு வாங்கினார். ஹரிஹரன் அவரைப் பார்த்து இதமாகச் சிரித்தார்.

"தெனமும் இதே கதைதான்" என்று கோமதியம்மாள் என்னிடம் பொருமினார். "முடிச்சாச்சு, எந்திரிக்க மாட்டாரு. இவரு இலையிலே என்ன முளைக்கப் போவுது?"

அண்ணாச்சி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, ஏன் எழவில்லை என்று ஹரிஹரனிடம் கேட்டார்.

"பந்தியிலே நாலு பேர் சாப்பிட்டிண்டிருக்கச்சே ஒருத்தன் மட்டும் எழுந்துக்கறதா? ஒருத்தர் எழுந்தா அது பந்தி முடிஞ்சதுன்னு அர்த்தம். மத்தவாளும் பாதியிலே கையை உதறிண்டு எழுந்துக்கணும். எங்காத்துலே அப்படிப் பழக்கமில்லை. எல்லாரும் முடிக்கட்டும், சேர்ந்து எழுந்துக்கலாம். அப்புறம் இலையெல்லாம் ஒண்ணா எடுத்துடலாம்."

"இது மெஸ்ஸுவே, கல்யாணப் பந்தி இல்ல" என்றார் அண்ணாச்சி.

"இருக்கட்டுமே. இலைன்னா இலைதானே" என்றார் ஹரிஹரன்.

அண்ணாச்சி கையில் எடுத்த மோர் டம்ளர் பாதியில் நின்றது. அவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. முந்தைய மூன்று அத்தியாயங்களிலும் அதே மாற்றம் வந்து நாங்கள் அவமானப்பட்டிருக்கிறோம் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்தத் தடவை அவர் கேட்ட கேள்வி வேறு மாதிரி இருந்தது.

"ஹரிஹரன் சார், அந்தப் பழைய முறையிலே ஒரு டெஸ்ட் முடிஞ்சா என்ன நடக்கும்?"

ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் செட்டப் என்று ஒன்று ஓடும், பின்னால் டியர்டவுன் என்று ஒன்று ஓடும் என்றார் ஹரிஹரன். முன்னது இடத்தைத் தயார் செய்யும். பின்னது சிந்தியதைத் துடைக்கும்.

"கோமதியம்மா மாதிரி."

"ஆமாம்."

"உங்க அடாப்டர்லே?"

ஹரிஹரன் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு தன் இலையைப் பார்த்தார். பெஞ்சின் கடைசியில் இன்னும் ரசத்தில் மிதக்கிற லாரி டிரைவரைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"வரிசை ஆரம்பிக்கறச்சே ஒரே ஒரு செட்டப். எல்லா டெஸ்டும் முடிஞ்சப்புறம் ஒரே ஒரு டியர்டவுன். நடுவிலே எடுத்தா மரியாதையா இருக்காதுன்னு தோணித்து."

டெஸ்டுக்கு மரியாதை பார்த்த மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் மனசு வரவில்லை.

மேலே ஓடினோம். அண்ணாச்சி முதலாளியை உட்காரவைத்து, நான் அழுத்திய இரண்டு இடங்களையும் மறுபடி காட்டச் சொன்னார். ஹரிஹரன் எனக்குக் காட்டியது எல்லா டெஸ்டையும் வரிசையாக ஓட்டுகிற பட்டன். அழுத்திவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விடுவார். ஷிஜா காட்டியது ஒரே ஒரு டெஸ்டைத் தனியாக ஓட்டுகிற இடம். அவள் கம்ப்யூட்டர் பழசு, எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் நெடுநேரம் மூச்சு வாங்கும் என்பதால் அவள் ஒவ்வொன்றாகத்தான் ஓட்டுவாள். நாற்காலி மாறியபோதும் கையுறை மாட்டியபோதும் அதே பழக்கம். ஒரே விரல்தான், ஆனால் ஒன்று பந்திச் சாப்பாடு, இன்னொன்று தனி இலை.

"வரிசையா உக்காந்தா பாயசம் கிடைக்குது. தனியா உக்காந்தா கிடைக்கல்ல" என்றார் அண்ணாச்சி. "அப்படின்னா தனியா உக்காந்தவ பொய் சொல்லல்ல. வரிசையிலே உக்காந்தவன் பக்கத்து இலையிலேருந்து எடுத்துத் தின்னுருக்கான்."

ஷிஜாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவள் விரல் கீபோர்டில் பறந்தது. சிறிது நேரத்தில் பாயசக் கணக்கு எழுதிய இடத்தைத் திறந்து காட்டினாள். போளியைப் புதிதாகச் சேர்த்தபோது யாரோ அவசரத்தில் செய்த வேலை அது. பாயசத்துக்கும் போளிக்கும் தலைக்கணக்கை இந்த ஆர்டரிலிருந்து எடுக்காமல், இதற்கு முன்னால் போன ஆர்டரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது வெப்சைட். வரிசையில் ஓடும்போது முந்தைய டெஸ்ட் துடைக்காமல் விட்டுப்போன ஐந்நூறு பேர் அங்கேயே கிடந்தார்கள். இந்த டெஸ்டும் ஐந்நூறு பேருக்குத்தான் கேட்டது. கணக்கு சரியாக வந்தது, பச்சை எரிந்தது. தனியாக ஓடினால் முன்னால் யாருமே இல்லை. பாயசம் பூஜ்யம்.

அந்த அறையில் தும்மல்கூட நின்றுவிட்டது.

முதலாளி சாமர்த்தியசாலி. அப்படியானால் அடாப்டரைச் சரி செய்துவிட்டால் தீர்ந்தது, நாளை மஸ்கட் பங்காளிக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை என்று எழுந்தார். ஷிஜாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு மிளகாயைத் தின்ற மாதிரி பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணாச்சி அவரைத் தடுத்தார். "ஒரு சம்சயம் முதலாளி. முன்னாலே ஒரு ஆர்டர் இருந்தாத்தானே பாயசம் வரும். அப்ப முதல் ஆர்டருக்கு என்ன ஆகும்?"

"ஒண்ணும் வராது. பூஜ்யம்தான்" என்றாள் ஷிஜா.

"அந்த முதல் ஆர்டரு யாரு போட்டது?"

போணி செய்த கை மெதுவாகச் சட்டைப் பையில் இருந்த போனைத் தேடியது.

சமையல்காரர் ஐயப்பன் கல்யாண மண்டபத்தில் காய் நறுக்கவைத்துக்கொண்டிருந்தார். முதலாளி எண்ணைத் தப்புத் தப்பாக அழுத்தியதால் நான்தான் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன். நாளைக்குப் பாயசம் எவ்வளவு என்று முதலாளி கேட்டார்.

"பாயசம் இல்லியே முதலாளி. போளியும் இல்ல. ஆர்டர்லே பூஜ்யம்னு வந்துது" என்றார் ஐயப்பன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்டிலே எல்லாருக்கும் ஷுகர் ஆயிருக்கும்னு நினைச்சேன். கேட்டா மனசு நோவுமேன்னு கேக்கல்ல" என்றார்.

திருவனந்தபுரத்தில் மாப்பிள்ளை தாலி கட்ட மறந்தால்கூட ஒருவேளை மன்னிப்பார்கள். போளியும் பால்பாயசமும் இல்லாத கல்யாணத்தை மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். முதலாளி என்னிடமிருந்து போனைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. பால் வாங்க அவரே ஓடினார். படியில் அவர் தும்முகிற சத்தம் மேலேவரை கேட்டது.

சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது விசாரணை எதுவும் நடக்கவில்லை. ஹரிஹரன் அடாப்டரைத் திருத்தி, ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனியாக இலை போட்டுத் தனியாக எடுக்கிறபடி செய்திருந்தார். ஓட்டினார். பாயசம் வருகிற இடமெல்லாம் சிவந்தது.

"இப்போ யாரு தொட்டது?" என்றார் முதலாளி.

"நான்தான்" என்றார் ஹரிஹரன். தலை குனிந்திருந்தது.

அதன் பிறகு ஷிஜா தவறான கணக்கைத் திருத்தினாள். தனியாக ஓட்டினாலும் பச்சை, வரிசையாக ஓட்டினாலும் பச்சை. முதலாளி அவளிடம், நாளைக்குக் கல்யாணத்துக்கு வர வேண்டும், முதல் பந்தியில் உட்கார வேண்டும் என்றார். மன்னிப்பு என்கிற வார்த்தை அவர் வாயில் வராது. இவ்வளவு வந்ததே பெரிது. திங்கட்கிழமை வேலைக்கு வரலாமா என்று ஷிஜா கேட்டாள். நீ வராமல் வேலையை யார் பார்ப்பது என்று முதலாளி எரிந்து விழுந்தார். அப்போதுதான் அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். அண்ணாச்சிக்கு அவள்மேல் இருந்த கடைசி சந்தேகமும் அதோடு தீர்ந்தது.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். எங்கள் கதைகள் முடிய வேண்டிய இடத்தில் முடிவதில்லை.

மறுநாள் முதல் பந்தி. மஸ்கட் பங்காளி நடுவில். அவருக்கு ஒரு பக்கம் ஹரிஹரன், மறு பக்கம் ஷிஜா. எதிர் வரிசையில் நானும் அண்ணாச்சியும். முந்தின நாள் ஊரெல்லாம் அலைந்து வாங்கிய பால், அண்டாவில் பாயசமாகக் கொதிக்கிற வாசனை மண்டபத்தையே தூக்கியது. முதலாளி சமையலறை வாசலில் நின்று, பங்காளி முதல் வாய் பாயசம் குடிக்கிற நிமிஷத்துக்காகக் காத்திருந்தார்.

பருப்பும் சாம்பாரும் ஆயின. ஹரிஹரனுக்கு இனிப்பு ஆகாது. இந்த ஊரில் பாயசத்துக்குப் பிறகுதான் ரசமும் மோரும், அவற்றுக்கும் அவர் காத்திருக்கவில்லை. சாம்பாரோடு அவர் சாப்பாடு முடிந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் காய்ந்த கையோடு கடைசிவரை உட்கார்ந்திருப்பார். ஆனால் அவர் ராத்திரி முழுக்க யோசித்து ஒரு பாடம் கற்றுக்கொண்டிருந்தார். முடித்தவர் தன் இலையைத் தானே எடுத்துவிட வேண்டும். உறுதியான முகத்தோடு இலையை மடித்தார். எழுந்தார்.

சந்தனக் கீற்றோடு, நரைத்த தலையோடு, பந்தியிலேயே மரியாதைக்குரியவராகத் தெரிந்த மனிதர் எழுந்துவிட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்த ஸ்ரீவராகத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கையை உதறினார்கள். அவர்கள் எழுந்ததும் அடுத்தவர்கள் எழுந்தார்கள். பழக்கம் தெரியாத மஸ்கட் பங்காளி, எழுவதுதான் முறை போலிருக்கிறது என்று முதல் ஆளாகக் கை கழுவப் போனார். அண்ணாச்சியும் எழுந்துவிட்டார். என்னையும் முழங்கையால் இடித்து எழுப்பினார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போளித் தட்டோடும் பாயச வாளியோடும் ஐயப்பனின் ஆட்கள் சமையலறையிலிருந்து வந்தபோது, நீளமான அந்தப் பந்தியில் ஒரே ஒரு ஆள்தான் உட்கார்ந்திருந்தாள். ஷிஜா. சாப்பிட்டதும் சட்டென்று எழுகிற பெண்தான். ஆனால் அவளும் ராத்திரி யோசித்திருக்கிறாள். பெரியவர் ஹரிஹரன் சொன்ன முறையிலும் ஒரு மரியாதை இருக்கிறது, எல்லோரும் முடிக்கிறவரை காத்திருக்கலாம் என்று குனிந்த தலையோடு காத்திருந்தவள், எல்லோரும் போனதையே கவனிக்கவில்லை.

அவள் இலையில் போளியை வைத்து, அதன்மேல் பாயசத்தை ஊற்றினார்கள். ஷிஜா நிமிர்ந்து அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு போளியைப் பாயசத்தில் பிசைந்து நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

சமையலறை வாசலைப் பார்த்தேன். லிங்கம் முதலாளியின் முகம் சிவந்துகொண்டே வந்தது.